பட்டுக் கணக்கு எழுதும் தங்கைக்கு: சார்ட்டை மேக்ரோவிடம் விட்டுவிடு

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் சங்கமோ, காந்தி ரோட்டு ஜவுளிக்கடையோ, எங்கே கணக்கு எழுதினாலும் மாசம் பிறந்ததும் ஒரு வேலை காத்திருக்கும். போன மாச விற்பனை, பட்டு நூல் விலை, ஜரிகை விலை, நெசவுக்கூலி எல்லாவற்றுக்கும் எக்செல்லில் சார்ட் போட வேண்டும். ஒன்றென்றால் பரவாயில்லை. கோர்வை, புட்டா, பிளெயின் என்று ரகத்துக்கு ஒன்று போட்டுத் தலைப்பு அடித்து நிறம் மாற்றி முடிப்பதற்குள் அரை நாள் ஓடிவிடும். அந்த அரை நாள் உனக்கு மிச்சமாக வேண்டும் தங்கச்சி, அதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஜக்கார்டு அட்டையை ஒரு தரம் குத்திக் கட்டிவிட்டால் அதே பூ எத்தனை சேலைக்கும் விழுகிறதே, மேக்ரோவும் அப்படித்தான்.

புரோகிராம் படிக்கவில்லையே என்று தயங்காதே. எக்செல்லில் டெவலப்பர் டேபை வரவழைத்து, ரெக்கார்ட் மேக்ரோவை அழுத்தி, வழக்கம்போல ஒரு சார்ட்டைக் கையால் போட்டு, ஸ்டாப் கொடு. ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நீ செய்தது முழுக்க புரோகிராம் கோடாக எழுதியிருக்கும். ஃபைலை மேக்ரோ வைத்துக்கொள்ளும் வகையாக, அதாவது எக்ஸ்எல்எஸ்எம் ஆக சேவ் செய். சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸில் சேவ் செய்தால் மேக்ரோ நிற்காது.

ரெக்கார்ட் ஆன கோடை அப்படியே நம்பிவிடாதே. நீ செலக்ட் செய்த வரிசைகளை மட்டும் அது எழுதி வைத்திருக்கும். அடுத்த மாசம் ஒரு வரி கூடினால் அந்த வரி சார்ட்டில் வராது. அதனால் முதலிலேயே கன்ட்ரோல் டி அழுத்தி டேட்டாவை டேபிள் ஆக்கி, அதற்கு ஒரு பெயர் வைத்து, கோடில் அந்தப் பெயரையே கொடு. டேபிள் வளர வளர சார்ட்டும் வளரும். கர்சர் டேட்டாவுக்குள் நிற்கும்போது சார்ட்டை உண்டாக்கும் ஆட்சார்ட்2 வரி ஓடினால், நீ கேட்காத நெடுவரிசைகளையும் எக்செல் தானாகவே இழுத்துப் போட்டுக்கொள்ளும். சார்ட் பிறந்தவுடன் அதிலிருக்கும் சீரிஸ் எல்லாவற்றையும் டெலிட் செய்துவிட்டு, உனக்கு வேண்டியதை மட்டும் சேர். சார்ட்டுக்கு ஒரு பெயரும் வை. அடுத்த தடவை ஓடும்போது அந்தப் பெயரில் பழையது இருக்கிறதா என்று பார்த்து நீக்கச் சொல். இல்லையென்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும்.

தமிழில் வேலை செய்கிற நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு. மேக்ரோ எழுதும் ஜன்னலில் "ஜரிகை விலை" என்று அடித்தால் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கும். அந்த எடிட்டர் யூனிகோடு தமிழை ஏற்பதில்லை. தலைப்பை ஒரு செல்லில் தமிழில் எழுதி வைத்துவிட்டு, கோடில் அந்த செல்லின் முகவரியை மட்டும் கொடு. சார்ட்டில் தமிழ் அழகாக வரும். அதற்கு முன்வரியில் ஹேஸ்டைட்டிலை ட்ரூ ஆக்க மறக்காதே, தலைப்பே இல்லாத சார்ட்டில் தலைப்பை எழுதப் போனால் எரர் அடிக்கும்.

நம் பக்கம் தேதியை 03.04.2024 என்று புள்ளி வைத்து எழுதுவதுதான் பழக்கம். எக்செல் அதைப் பெரும்பாலும் தேதியாக எடுத்துக்கொள்ளாது, வெறும் எழுத்தாகவே வைத்திருக்கும். மேக்ரோவில் புள்ளியைச் சாய்கோடாக மாற்றினால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடக்கூடும், அந்தக் குறுக்கு வழி வேண்டாம். டெக்ஸ்ட் டு காலம்ஸில் நாள், மாதம், வருடம் என்ற வரிசையைச் சொல்லி மாற்று. தொகையோடு "ரூ." சேர்த்து அடித்திருந்தாலும் இதே கதைதான், அந்த இடத்தில் சார்ட் தரையோடு கிடக்கும். லட்சக் கணக்கில் கமா விழ வேண்டுமென்றால் அச்சின் நம்பர் ஃபார்மேட்டில் இதைப் போடு: [>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

இனி நான் ரொம்ப அக்கறையோடு சொல்வது ஒன்று. நம் ஊர் விற்பனையை இங்கிலீஷ் மாசத்தை வைத்து வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடாதே. தீபாவளி 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. அக்டோபருக்கு அக்டோபர் பார் சார்ட் போட்டால், 2023இல் வியாபாரம் படுத்துக் கிடந்த மாதிரியும் மறு வருஷம் கொழித்த மாதிரியும் தெரியும். பண்டிகை நகர்ந்ததைத் தவிர வேறெதுவும் நடக்காமல்கூட இருந்திருக்கலாம். தமிழ் மாசத்துக்கு மாறினாலும் முழுசாகத் தீராது. 2025 தீபாவளி ஐப்பசி 3ஆம் தேதியே வந்துவிட்டதால் கூட்டமெல்லாம் புரட்டாசிக் கணக்கில் போயிருக்கும்.

இங்கேதான் மேக்ரோ கைகொடுக்கிறது. தனி ஷீட்டில் ஒவ்வொரு வருஷத் தீபாவளித் தேதியையும் எழுதி வை. பில் தேதியிலிருந்து அந்த வருஷத் தீபாவளியைக் கழித்தால் மைனஸ் 60, மைனஸ் 59 என்று வந்து பண்டிகையன்று பூஜ்யமாகும். அதையே கீழ் அச்சாக்கி, மைனஸ் 60இல் தொடங்கி அன்றன்றைய விற்பனையைக் கூட்டிக்கொண்டே வந்த மொத்தத்தை மேல்நோக்கி வரை. அடியில் இருப்பது எண் என்பதால் லைன் சார்ட் வேண்டாம், ஸ்கேட்டர் வகையில் கோடு சேர்த்ததை எடு. மூன்று வருஷமும் ஒரே படத்தில் விழும். தீபாவளிக்கு இருபது நாள் முன்பு போன வருஷம் எங்கே நின்றோம், இப்போது எங்கே நிற்கிறோம் என்பது ஒரே பார்வையில் தெரியும். பாவு போடச் சொல்வதா, கையிருப்பைத் தள்ளுபடியில் தள்ளுவதா என்று முடிவெடுப்பவர்களுக்கு இதைவிட உதவுகிற படம் எனக்குத் தெரியாது. முகூர்த்த சீசனுக்கும் இதே முறை பொருந்தும்.

காலியாக இருக்கும் செல்லும் பூஜ்யமும் வேறு வேறு. 2020 ஏப்ரலில் ஊரடங்கால் கடை திறக்கவே இல்லை என்றால் அது உண்மையான பூஜ்யம், போட்டுவிடு. பில் புத்தகம் தொலைந்த மாசமென்றால் காலியாக விடு. டிஸ்ப்ளே பிளாங்க்ஸ் ஆஸ் என்ற ஒரு வரியில், காலி இடத்தில் கோடு அறுந்து நிற்கட்டும் என்று சொல்லலாம்.

ஜரிகை விலையையும் சேலை விலையையும் ஒரே படத்தில் காட்ட ஜரிகைக்கு இரண்டாம் அச்சு கொடு. கூடவே காரணத்தையும் எழுது. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி மீதான சுங்க வரி 15லிருந்து 6 சதவீதமானது. நல்ல ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் இருப்பதால் அந்தத் தேதியில் ஒரு குறிப்பு போட்டால், கோடு ஏன் திரும்பியது என்று யாரும் உன்னைக் கேட்க வேண்டியிருக்காது.

எக்செல் வாங்கப் பணமில்லையா? பைத்தானும் லிப்ரேஆஃபிஸும் இலவசம். பைத்தானின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் நூலகம் சார்ட்டைச் சுத்தமாகப் போடும், தமிழையும் கோடிலேயே நேராக எழுதலாம். அது புது ஃபைல் மட்டும்தான் உண்டாக்கும், பழையதைத் திறக்காது. இருக்கிற ஃபைலைத் திறக்க ஓபன்பைஎக்ஸ்எல் என்ற இன்னொரு நூலகம் வேண்டும். அது சேவ் செய்யும்போது ஷீட்டில் நீ வரைந்து வைத்த அம்புக்குறி, கட்டம் எல்லாம் காணாமல் போகும், நகல் எடுத்துவிட்டு ஓட்டு.

எக்செல் மேக்ரோவின் கடைசி வரியாக எக்ஸ்போர்ட் சேர்த்துவிட்டால் சார்ட் பிஎன்ஜி படமாக வந்து விழும், வாட்ஸ்ஆப்பில் அனுப்ப அது போதும். சங்கத்து நோட்டீஸ் போர்டுக்குக் கருப்பு வெள்ளையில்தான் பிரின்ட் எடுப்பார்கள், சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். ஒரு வருஷத்துக்குத் தொடர்கோடு, ஒன்றுக்குப் புள்ளிக்கோடு, ஒன்றுக்குத் தடித்த கோடு என்று மேக்ரோவிலேயே வைத்துவிடு. எழுத்தின் அளவு 14க்குக் குறைய வேண்டாம். வருஷக்கணக்காகத் தறியில் கண்ணை ஊன்றி உட்கார்ந்தவர்கள்தான் அதை நின்று படிக்கப்போகிறார்கள்.