கோட்டையும் சுருங்கையும்

மனம் கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே அதைப் பற்றிப் பேசுவோர் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை உவமையாகத் தேடுவர். பெரும்பாலும் கட்டடமே கைகொடுக்கிறது. ஆங்கில மெய்யியல் அறிஞர் லாக், 1690ஆம் ஆண்டு நூலில் அறிவை ஓர் இருட்டறைக்கு ஒப்பிட்டார். அவ்வறையின் சிறு துளைகள் வழியே புறவுலகின் உருவங்கள் உள்ளே விழுகின்றன. ஒளியியல் பயிலும் எனக்கு இவ்வுவமை எளிதில் விளங்குகிறது. துளைக் கேமராவும் அப்படித்தானே இயங்குகிறது!

தமிழ் நாடகத்தில் இத்தகைய உவமை உண்டா? உண்டு. பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தை நோக்குவோம். அது லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கதையைத் தழுவியது.

பாண்டியன் சீவகன், அமைச்சன் குடிலன் சொற்கேட்டு, மதுரையை விட்டு நெல்லையில் கோட்டை எழுப்புகிறான். அதன் மதிலையே நம்புகிறான். குலகுரு சுந்தர முனிவரோ அரண்மனையில் ஓர் அறையைக் கேட்டுப் பெற்று, அங்கிருந்து தம் ஆசிரமத்துக்கு ஒரு சுருங்கை, அதாவது நிலத்தடி வழி, அமைக்கிறார்.

பெயர்களை உற்று நோக்கினால் உட்பொருள் புலப்படும். சீவகனில் சீவன் இருக்கிறான். குடிலம் என்றால் வளைவு, வஞ்சகம். அரசன் மகள் மனோன்மணியின் பெயரிலோ மனமே இருக்கிறது.

லாக்கின் அறை ஒளி வரும்வரை காத்துக் கிடக்கிறது. சீவகனோ தானே மதில் எழுப்பித் தன்னை அடைத்துக்கொள்கிறான். தன் வீட்டுக்குள்ளேயே ஒரு வழி இருப்பதை அறியான். அவ்வழி நல்லோர்க்கு மட்டும் உரியதுமன்று. குடிலன் அதைக் கண்டுபிடித்துப் பகைவனாகிய சேரன் புருடோத்தமனிடம் காட்டிக்கொடுக்கிறான். சேரன் அவ்வஞ்சகனை விலங்கிட்டு, அதே வழியே வந்து மணச் சடங்கின் நடுவே நிற்கிறான். கனவில் கண்டவனை நேரில் கண்ட மனோன்மணி அவனுக்கே மாலை சூட்டுகிறாள். மதில் காக்கவில்லை, வழியே காத்தது.

உவமை சான்றாகாது என்பது அறிவியல் மாணவன் அறிந்ததே. மூளையை அறுத்துப் பார்த்தால் அறையும் இராது, சுருங்கையும் இராது. எனினும் மனத்தை எதுவாகக் கருதுகிறோமோ, அதற்கேற்பவே நாம் நடந்துகொள்கிறோம். கோட்டை என்று கருதுபவன் வருவோரையெல்லாம் பகைவர் என்றே எண்ணுவான்.

சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் மெய்யியல் கற்பித்தவர். அங்கிருந்தே தமிழ் வளர்த்தார். கன்னட நாட்டுப் பெங்களூரில் பயிலும் நாமும் தமிழுக்கென்று சங்கம் வைத்திருக்கிறோம். அதற்கு மதில் எவ்வளவு வேண்டுமோ, அயலார் வந்துபோகும் வழியும் அவ்வளவு வேண்டும். மதிலுக்கு வெளியே பகைவனாய் நின்றவனே முடிவில் மருமகனானான் அல்லவா?