வீடியோ ஸ்விட்சரின் சுற்றுப் பலகைகள்: பழுதறிதலும் மாற்றுதலும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருஞ்சாலையில், நெய்யாற்றின்கரையை எய்துமுன் அமைந்துள்ள ஊர் பாலராமபுரம். பாலராம வர்மா மன்னர் காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியினின்றும் வந்து குடியேறிய சாலியர் மரபினரின் குழித்தறிகள் இன்றும் அங்கு இயங்கி வருகின்றன. துணியில் குறை தோன்றுமாயின், அது நீளவாட்டில் ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நீளவாட்டில் ஓடினால் குற்றம் பாவில்; குறுக்கே ஓடினால் ஊடையில். தொலைக்காட்சி நிலையத்தின் வீடியோ ஸ்விட்சரைப் பழுது பார்ப்போர் முதற்கண் கற்க வேண்டியதும் இதுவே.

பல காமிராக்களிலிருந்தும் பதிவுக் கருவிகளிலிருந்தும் வரும் காட்சிகளுள் வேண்டியதைத் தெரிந்தெடுத்து வெளியே அனுப்பும் கருவியே ஸ்விட்சர். உள்வரும் வழிகளைப் பாவென்றும், வெளிச்செல்லும் வழிகளை ஊடையென்றும் கொள்வோம். அவை ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு சந்தியிலும் ஒரு மின்னணுச் சாவி உண்டு. உள்வழி 16, வெளிவழி 8 எனில் சந்திகள் 128 ஆகும். இவையெல்லாம் உள்வழிப் பலகை, சந்திப் பலகை, வெளிவழிப் பலகை எனப் பிரிக்கப்பட்டு, ஒரு சட்டத்தில் செருகப்பட்டிருக்கும். தொழிலில் இப்பலகையைக் கார்டு என்றே வழங்குவர்.

இது நிலையத்தாருக்கு மட்டுமே உரிய செய்தியன்று. கேரளத்தின் கல்வித் தொலைக்காட்சியாகிய விக்டேர்ஸ் 2005-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, 2020 ஜூன் 1 முதல் வகுப்புகள் அதன் வழியே வீடுகளுக்குச் சென்றன. அத்தகைய காலத்தில் ஒரு கார்டு கெட்டால் நின்றுபோவது பாடமே. அவசரத்தில் கையிருப்பிலுள்ள ஒரே மாற்றுக் கார்டையும் எரித்துவிட்டால் கேடு இரட்டிப்பாகும்.

ஆகவே, கழற்றுமுன் எழுதுக. ஒரு தாளில் உள்வழிகளை மேலேயும் வெளிவழிகளைப் பக்கத்திலும் குறித்துக் கட்டம் வரைந்து, ஒவ்வொரு உள்வழியிலும் கலர் பார் சைகையைச் செலுத்தி, ஒவ்வொரு வெளிவழியிலும் பார்த்துக் குறிக்க வேண்டும். ஓர் உள்வழி எல்லா வெளிவழிகளிலும் கெட்டிருப்பின் ஐயம் உள்வழிப் பலகையின் மீது. ஒரு வெளிவழியில் எல்லா உள்வழிகளும் கெட்டிருப்பின் வெளிவழிப் பலகையின் மீது. ஒரே ஒரு கட்டம் மட்டும் கெட்டிருப்பின் சந்திப் பலகையிலுள்ள சாவி. எல்லாக் கட்டங்களும் கெட்டிருந்தால் எந்தக் கார்டையும் தொடலாகாது, மின்வழங்கியையே நோக்குக.

கட்டம் ஒரு கார்டைச் சுட்டினாலும் கேபிளை முதலில் மாற்றிப் பார்ப்பது நலம். பழைய அனலாக் முறையில் வீடியோ சைகையின் அளவு 1 வோல்ட். கேபிளின் முடிவில் 75 ஓம் தடை இருத்தல் வேண்டும். அம்முடிவுத் தடை விடுபட்டால் சைகை 2 வோல்ட்டாக உயர்ந்து படம் வெளுக்கும். தடை இரண்டு இடங்களில் சேர்ந்துவிட்டால் ஏறத்தாழ 0.67 வோல்ட்டாகத் தாழ்ந்து படம் மங்கும். இவ்விரண்டையும் கார்டின் பிழை எனக் கொண்டு நல்ல கார்டைக் கழற்றுதல் அரிதன்று. படம் தெளிவாயிருந்து, மாற்றும் நொடியில் மட்டும் துள்ளுமாயின் ஒத்தியங்கு சைகையைச் சோதிக்க. 625 வரி முறையில் ஒவ்வொரு புலத்துக்கும் இடையே சுமார் 1.6 மில்லி வினாடி படமற்ற இடைவெளி உண்டு. மாற்றம் அவ்விடைவெளிக்குள் நிகழவேண்டும். ஒத்தியங்கு சைகை வராதபோது மாற்றம் படத்தின் நடுவே நிகழ்கிறது.

இனி மின்வழங்கி. இதனை அளவிடாமல் மாற்றுக் கார்டைப் பெட்டியினின்று எடுத்தல் கூடாது என்பதே இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. 5 வோல்ட் வழங்கி பொதுவாக 4.75-க்கும் 5.25-க்கும் இடையே நிற்க வேண்டும். மிகுந்திருந்தால், முதற்கார்டைக் கெடுத்த அதே அழுத்தம் இரண்டாவதையும் கெடுக்கும். மல்டிமீட்டர் சராசரியையே காட்டுமாதலால் ஆசிலாஸ்கோப்பையும் வைத்துப் பார்க்க. அலை மேலும் கீழும் நடுங்கினால் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்துவிட்டன எனலாம். உஷ்ணம் 10 டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தூசி அடைத்த விசிறியே பல நேரங்களில் முதற்குற்றவாளி.

வழங்கி நன்றாயிருப்பின், ஒரே வகைக் கார்டுகள் இரண்டை, மின்னிணைப்பை நிறுத்திவிட்டு, இடம் மாற்றிச் செருகுக. பழுது கார்டோடு சென்றால் கார்டே கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் ஸ்லாட்டின் ஊசிகளோ தொடர்புகளோ கெட்டுள்ளன. தென்கேரளத்து ஈரக்காற்றில் இது அடிக்கடி காணப்படும். கார்டின் விளிம்புத் தொடர்புகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து மீண்டும் செருகினாலே பழுது நீங்குவதுண்டு. வளைந்த ஊசியுள்ள ஸ்லாட்டில் புதிய கார்டை அழுத்துதல் ஆகாது.

மாற்றும்போது பழைய கார்டிலுள்ள சிறு சாவிகளின் நிலைகளையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு, புதியதிலும் அவ்வாறே அமைக்க வேண்டும். இயங்கும்போதே கழற்றலாம் எனக் கையேடு வெளிப்படையாகக் கூறினாலன்றி மின்சாரத்தை நிறுத்துக. மணிக்கட்டில் புவியிணைப்புப் பட்டை அணிதல் வேண்டும். வெளியே மழை பெய்கிறதே, நிலைமின் எங்கிருந்து வரும் எனச் சிலர் வினவுவர். குளிரூட்டிய கருவி அறையின் காற்று வறண்டது. சுமார் 3000 வோல்ட்டுக்குக் கீழான நிலைமின் பாய்ச்சலை நம் விரல் உணராது. சில நுண்சுற்றுகளோ 100 வோல்ட்டிலேயே சிதைவுறும்.

புதிய கார்டைச் செருகியபின் முன்வரைந்த கட்டத்தை மீண்டும் முழுதும் நிரப்புக. கழற்றிய கார்டில் நாள், ஸ்லாட் எண், கெட்டிருந்த கட்டங்கள், அளந்த வோல்ட் ஆகியவற்றை எழுதிய சீட்டைக் கட்டி, நிலைமின் தாங்கும் உறையிலிட்டுப் பழுது பார்க்கும் கூடத்துக்கு அனுப்புக. 'கெட்டது' என்னும் ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்பினால், அங்குள்ளவர் மேசையில் அது பழுதின்றி இயங்கி, அப்படியே திரும்பி வரக்கூடும்.