தங்க இடம் தந்தவருக்கு நன்றி சொல்வது எப்படி?

வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். கையில் காசு குறைவாக வைத்துக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றும் இளைஞர்களும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாமல், கவுச்சர்ஃபிங் இணையதளம் மூலமோ நண்பரின் நண்பர் மூலமோ, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் மூன்று நான்கு இரவு தங்குகிறார்கள். பதிலுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற தவிப்பில் பித்தளை நடராஜரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இல்லையென்றால் கடைசி நாள் சாயங்காலம் அவர்கள் சமையலறையை மஞ்சளாக்கிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். நல்ல மனதோடு செய்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடராஜருக்கு அலமாரியில் இடம் தேட வேண்டியவரும், அடுப்பைத் துடைக்க வேண்டியவரும் இடம் கொடுத்தவர்தான்.

ஆகவே எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு கேள்வி: இதனால் அவர்களுக்கு ஒரு வேலை குறையுமா, கூடுமா? கூடும் என்றால் விட்டுவிடுங்கள். குறையும் என்றால் அது ஐம்பது சென்ட் செலவில் முடிந்தாலும் செய்யுங்கள்.

பணம் கொடுக்கக் கூடாது. 1949இல் டென்மார்க்கில் தொடங்கிய சர்வாஸ் என்ற விருந்தோம்பல் அமைப்பிலிருந்து இன்றைய கவுச்சர்ஃபிங் வரை, இந்த ஏற்பாடுகள் எல்லாம் தங்குவதற்குக் காசு வாங்குவதில்லை என்ற அடிப்படையில் நிற்பவை. தலையணைக்கு அடியில் இருபது யூரோ தாளை வைத்துவிட்டு வந்தால், அன்போடு கதவைத் திறந்தவரை லாட்ஜ் நடத்துபவர் ஆக்கிவிடுகிறீர்கள். அவர்கள் காரில் சேர்ந்து வெளியூர் போனால் பெட்ரோலுக்குப் பங்கு கொடுப்பது வேறு; அதைக் கேட்காமலே கொடுக்க வேண்டும்.

புறப்படும் முன்

மலிவு விமானங்களில் கைப்பையோடு பறக்கிறீர்கள். பரிசு நூறு கிராமுக்குள் இருக்கட்டும். உடையாததாக, மடிக்கக்கூடியதாக இருக்கட்டும். மதுரை சுங்குடித் துணியில் வெட்டித் தைத்த கைக்குட்டை, பனையோலையில் முடைந்த சின்னப் பெட்டி, பத்தமடைக் கோரையில் செய்த சிறு விரிப்பு ஆகியவை என் தேர்வு. தலையாட்டி பொம்மை வேண்டாம், வழியிலேயே உடையும். சாமி சிலை எந்த அளவிலும் வேண்டாம். அவர்களுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியாது, தூக்கிப் போடவும் மனம் வராது.

தின்பண்டம் என்றால் கோவில்பட்டி கடலைமிட்டாய்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எடை குறைவு, கெடாது, விலையும் சொற்பம். ஆனால் நிலக்கடலை ஒவ்வாமை மேலை நாடுகளில் விளையாட்டு விஷயமில்லை. சிலருக்கு உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் முன்கூட்டியே செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். கேட்க முடியாதபோது எள்ளும் கடலையும் இல்லாத ஏதாவது ஒன்று.

பால்கோவாவையும் நெய்யையும் மறந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி பால் பொருளையும் இறைச்சியையும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. கறிவேப்பிலைக் கொத்தும் அப்படித்தான். 2019 டிசம்பர் 14 முதல் பசுமையான செடி, இலை, பழம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறார்கள். அன்னாசி, தேங்காய், டுரியான், வாழை, பேரீச்சை ஐந்துக்கு மட்டும் விலக்கு. அதே பையோடு ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள் பனையோலைப் பெட்டியைக்கூட நுழைவுப் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். வளைகுடா வழியாகப் போனால் பையில் கசகசா ஒரு துளிகூட இருக்கக் கூடாது.

பரிசை முதல் பத்து நிமிடத்திலேயே கொடுத்துவிடுங்கள். கிளம்பும்போது கொடுத்தால் கணக்குத் தீர்த்த மாதிரி ஆகிவிடும். பூ வாங்கிப் போவதானால் ஒற்றைப்படை எண்ணிக்கை. ரஷ்யா, போலந்து பக்கம் இரட்டைப்படை துக்க வீட்டுக்குரியது. இன்னொன்று: நாம் பூஜைக்கு வைக்கும் சாமந்தியை ஃபிரான்ஸிலும் இத்தாலியிலும் நவம்பரில் கல்லறைகளில் வைப்பார்கள். அதை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

சமையல்: பெரும்பாலோர் சறுக்கும் இடம்

காசு குறைந்த பயணிக்கு இதைவிடச் சிறந்த நன்றி கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன். நான்கு பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடு பத்து யூரோவுக்குள் முடியும். அந்த வீட்டில் ஒருவருக்கு ஒரு சாயங்காலம் ஓய்வு. ஆனால் திட்டமில்லாமல் இறங்கினால் அவர்களுக்கு இரட்டை வேலை.

முதலில் நாள். வந்த அன்றோ கிளம்பும் முந்தின இரவோ சமைக்காதீர்கள். வந்த அன்று அந்தச் சமையலறை உங்களுக்குத் தெரியாது, கடைசி இரவில் மூட்டை கட்டும் கவலை. இரண்டாம் நாள்தான் சரி. "நான் ஏதாவது சமைக்கட்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால் மரியாதைக்காக வேண்டாம் என்பார்கள். "செவ்வாய்க்கிழமை இரவு நான் சமைக்கிறேன், உங்களுக்குச் சரியாக இருக்குமா? சாமான் நானே வாங்கி வருவேன்" என்று கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் நிஜமாகவே வேண்டாம், வற்புறுத்தக் கூடாது. எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பல வீடுகளில் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். ஸ்பெயினில் ஒன்பதுக்கு முன் யாருக்கும் பசிக்காது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் சனியன்றே சாமான் வாங்கிவிட வேண்டும்.

என்ன சமைப்பது என்பதில் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். தோசை கூடாது. குளிரில் மாவு புளிக்காது. புளித்தாலும் நீங்கள் ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டு நிற்க, அவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட வேண்டியிருக்கும். பிரியாணி அடுப்பை மூன்று மணி நேரம் பிடித்துக்கொள்ளும். சாம்பாருக்கு வேண்டிய பாதிச் சாமான் அங்கே கிடைக்காது. எலுமிச்சை சாதம், தக்காளி போட்ட பருப்பு, வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி: இந்த மூன்றும் போதும். பருப்புக்குத் துவரையைத் தேடி அலையாதீர்கள். துருக்கியர் நடத்தும் கடைகளில் மைசூர்ப் பருப்பு மலிவாகக் கிடைக்கும். குக்கர் இல்லாமலே இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். கடுகு, உளுத்தம்பருப்பு, மஞ்சள்தூள், மிளகாய் வற்றல் ஆகியவற்றை மட்டும் கடை உறை பிரிக்காமல் ஊரிலிருந்தே சின்னப் பொட்டலங்களாகக் கொண்டுபோங்கள். பெயர் அச்சிட்ட உறை இருந்தால் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெருங்காயத்தைப் பற்றிப் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. நாம் வாங்கும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் அந்த வீட்டில் இருந்தால் ஒரு சிட்டிகைகூட ஆகாது. உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் போடாதீர்கள். யாராவது பால் பொருள் எதையும் தொடாதவரா என்று கேட்டு, அப்படியென்றால் பச்சடிக்குப் பதில் வெள்ளரியை எலுமிச்சை பிழிந்து வையுங்கள்.

இனி அடுப்பு. நம்மவர்கள் பெரும்பாலும் திணறுவது இங்கேதான். கண்ணாடித் தளம் போட்ட மின்னடுப்பில் குமிழைத் திருப்பியதும் சூடு இறங்காது. எரிவாயு அடுப்பு நினைப்பில் தாளித்தால், கடுகு வெடித்து முடிப்பதற்குள் உளுத்தம்பருப்பு கருகிவிடும். நடுத்தரச் சூட்டிலேயே தாளியுங்கள். கடுகு வெடிக்கத் தொடங்கியதும் குமிழைத் தொடாமல் வாணலியையே தூக்கித் தள்ளி வையுங்கள். சாதத்துக்கும் இதே குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வெந்து முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அணைத்துவிட்டு மூடி வைத்தால் மிச்சச் சூட்டில் பதமாகிவிடும். வாணலியைக் கண்ணாடி மேல் இழுக்கக் கூடாது, கீறல் விழும். இண்டக்ஷன் அடுப்பென்றால் இந்தத் தொல்லை குறைவு. சூடு உடனே இறங்கும்.

மிளகாய் வற்றலை எண்ணெயில் போடுவதற்கு முன் சமையலறைக் கதவைச் சாத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், சிம்னியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஜெர்மனியில் படுக்கையறைகளிலும் நடைவழியிலும் புகை எச்சரிப்புக் கருவி கட்டாயம். அது ஒருமுறை அலறினால் அடுக்குமாடி முழுக்க எட்டிப் பார்க்கும். மிளகாயைக் கிள்ளாமல் முழுதாகப் போட்டால் நெடியும் குறையும், காரமும் குறையும். நம் வீட்டில் போடுவதில் மூன்றில் ஒரு பங்கு காரம் போதும். நம் நாக்குக்குச் சப்பென்று இருப்பதே அவர்களுக்குச் சரியான அளவு. ஊறுகாயைத் தனியாக வையுங்கள், வேண்டியவர் தொட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுடைய ஒட்டாத வாணலியில் இரும்புக் கரண்டியை விடவே கூடாது. மரக்கரண்டியை மஞ்சளில் ஊறவிடாதீர்கள். வெள்ளைக் கல் மேடையில் மஞ்சள்தூள் சிந்தினால் அந்த நொடியே துடையுங்கள், பிறகு எதற்கும் போகாது. மிச்ச எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் காகிதத்தில் துடைத்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். சமைக்கச் சமைக்கவே பாத்திரம் கழுவுங்கள். மற்றவர்கள் மேசையில் உட்காரும்போது அடுப்பு மேடை நீங்கள் உள்ளே வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பாதி தீர்ந்த மசாலாப் பொட்டலங்களை "நீங்க வச்சுக்கோங்க" என்று விட்டுவிட்டு வராதீர்கள். பெயரும் உபயோகமும் தெரியாத பொருள் அவர்கள் அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்கும். திரும்ப எடுத்து வந்தால் அடுத்த வீட்டில் உதவும்.

கையால் சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆர்வமாகக் கேட்டால் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

சமையல் வராதவர்களுக்கு

காலை எழுந்து ரொட்டிக் கடைக்குப் போய் வாருங்கள். ஜெர்மனியில் மற்றக் கடைகள் பூட்டிக் கிடக்கும் ஞாயிறு காலையிலும் பல ரொட்டிக் கடைகள் சில மணி நேரம் திறந்திருக்கும். ஆளுக்கு இரண்டு உருண்டை ரொட்டி. வீட்டார் எழுவதற்குள் மேசையில் இருக்கட்டும். முந்தின இரவே சொல்லிவைத்தால்தான் அவர்களும் வாங்கி வந்து இரட்டிப்பாகாது.

ஜெர்மன் வீடுகளில் காலி பாட்டில்கள் ஒரு பையில் சேர்ந்து கிடக்கும். ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம். கடையில் இருக்கும் இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் ரசீது வரும். யாருக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போகப் பிடிக்காது. கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள், ரசீதை வீட்டாரிடமே கொடுங்கள். ஒரு காசு செலவில்லாத உதவி இது, வந்த நாளிலிருந்தே செய்யலாம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து நேர்ப்புள்ளி வைத்து ஒரு கோலம் போடச் சொல்லிக்கொடுங்கள். தரையில் அரிசிமாவைக் கொட்டிக் காட்ட வேண்டாம். அவர்கள் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அரை மணி நேரம் பிள்ளைகள் உங்களோடு இருந்தால் பெற்றவர்கள் நிம்மதியாக ஒரு காபி குடிப்பார்கள்.

குளியலைச் சுருக்குங்கள். அங்கே வெந்நீருக்கு ஆகும் செலவு பெரியது, யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

தமிழ் வீடென்றால்

பாரிஸில் லா ஷப்பல் பக்கமோ வேறெங்கோ தமிழ்க் குடும்பத்தில் தங்கினால் மேலே சொன்ன முறைகள் சில தலைகீழாகும். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம்பா, நீ வந்தாலே போதும்" என்பார்கள். அதை நம்பாதீர்கள். "மோர்மிளகாயா, மணத்தக்காளி வத்தலா, எது வேணும்க்கா?" என்று இரண்டைச் சொல்லிக் கேளுங்கள்; உடனே பதில் வரும். ஐரோப்பிய வீட்டில் பாத்திரத்தைத் தொடும் முன் கேட்க வேண்டும், ஏனென்றால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அடுக்குவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முறை உண்டு. தமிழ் வீட்டில் கேட்டால் "விடு, நான் பாத்துக்கறேன்" என்றுதான் அக்கா சொல்வார். கேட்காமல் போய் நின்று கழுவத் தொடங்குங்கள்.

கிளம்பும் நாளும் அதன் பிறகும்

படுக்கையை அழகாக விரித்து வைக்காதீர்கள். அந்த விரிப்பை அவர்கள் துவைக்கத்தான் போகிறார்கள். உறைகளைக் கழற்றித் துண்டோடு சேர்த்து ஒரு குவியலாக மடித்து, எங்கே வைக்கட்டும் என்று கேளுங்கள். சாவியை மேசையில் விட்டுவிட்டு வந்தால், வைத்த இடத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்புங்கள்.

கைப்பட ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பது யாருக்கும் எழுதக்கூடியது. பின்னிரவு ரயில் தாமதமானபோது அவர்கள் விழித்திருந்தது, சுடச்சுடக் கொடுத்த சூப், எந்த டிராமில் ஏற வேண்டும் என்று வரைந்து கொடுத்த படம்: இப்படி இரண்டு விஷயத்தைக் குறிப்பிட்டு எழுதினால் நான்கு வரி போதும்.

தங்கியிருக்கும்போது வீட்டார் அனைவரும் சேர்ந்திருக்கும் ஒரு படத்தை நல்ல வெளிச்சத்தில் எடுத்துவிடுங்கள். வழக்கமாகப் படம் எடுப்பவர் படத்தில் இருப்பதே இல்லை. நீங்கள் எடுத்தால் ஒருவர் விடாமல் வருவார்கள். இரண்டு நாளுக்குள் அனுப்புங்கள், அனுமதி இல்லாமல் வேறெங்கும் போடாதீர்கள்.

கவுச்சர்ஃபிங் போன்றவற்றில் மதிப்புரை எழுதுவதும் நன்றியின் ஒரு பகுதிதான். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் அவர்களை நம்புவார். வீடு எவ்வளவு அமைதியானது, எந்த நேரம் வந்தால் வசதி, பூனை உண்டா என்பதை எழுதுங்கள். தினமும் சாப்பாடு போட்டார்கள், நிலையத்துக்கே வந்து அழைத்துப் போனார்கள் என்று எழுத வேண்டாம். உங்களுக்காக மனமுவந்து செய்ததை அடுத்து வருபவர் உரிமையாக எதிர்பார்க்கத் தொடங்குவார்.