கொக்கின் கழுத்தும் மனிதரின் கையும்

மருதானை,
கொழும்பு 10.

அன்புள்ள தம்பி,

சீனத் தற்காப்புக் கலைகளில் புலி, கொக்கு, பாம்பு, குரங்கு, கும்பிடுபூச்சி முதலியவற்றின் பெயர் தாங்கிய பயிற்சி முறைகள் பல உள்ளன. அவற்றைத் திரைப்படங்கள் வழியாக மட்டுமே அறிந்தவர்கள், விரல்களை நகம்போல் வளைத்து உறுமிக்கொண்டு பாய்வதே அவற்றின் சாரம் என்று எண்ணிவிடுவதுண்டு. உண்மையில் அங்கே விலங்கின் பெயர் ஒரு குறிச்சொல். விசை உடலின் எந்த இடத்திலிருந்து பிறக்க வேண்டும், எடை எந்தக் காலில் தங்க வேண்டும், எதிரி நெருங்கும்போது எதிர்த்து நிற்பதா ஒதுங்கி விலகுவதா என்று பத்து வாக்கியங்களில் விளக்க வேண்டியதை ஆசான் ஒரே சொல்லில் மாணவரின் உடலுக்குச் சொல்லிவிடுகிறார்.

இம்மரபின் மிகப் பழைய சான்றுகள் போர்க்களத்தைச் சேர்ந்தவை அல்ல, மருத்துவத்தைச் சேர்ந்தவை. சீனாவின் ஹூனான் மாகாணத்து மாவாங்துய் என்னும் இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து, 44 மனித உருவங்கள் உடற்பயிற்சி செய்வதைக் காட்டும் பட்டோவியம் 1973இல் கிடைத்தது. அவ்வுருவங்களுள் சிலவற்றின் அருகே கரடி, குரங்கு போன்ற விலங்குகளின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. கி.பி. 208 அளவில் இறந்த ஹுவா துவோ என்னும் மருத்துவர், புலி, மான், கரடி, குரங்கு, பறவை என்னும் ஐந்தின் அசைவுகளைக் கொண்டு 'ஐவிலங்கு ஆட்டம்' என்ற பயிற்சியை வகுத்ததாகச் சீன வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஓயாது சுழலும் கதவின் குடுமி இற்றுப்போவதில்லை, அதுபோல் இயங்கும் உடலில் நோய் தங்குவதில்லை என்பது அவர் தம் மாணவருக்குக் கூறிய காரணம். அடிக்கும் கலைக்கு முன்பே ஆற்றும் கலையில் விலங்குகள் இடம்பெற்றுவிட்டன என்பது நினைவில் இருந்தால், பின்னர் வந்த பலவும் எளிதாக விளங்கும்.

போர்ப்பயிற்சி நூல்களில் இப்பெயர்கள் தெளிவாகத் தென்படுவது மிங் அரசர் காலத்திலாகும். 16ஆம் நூற்றாண்டின் படைத்தலைவர் சி ஜிகுவாங் தொகுத்த 32 கைப்போர் நிலைகளுள் 'பொற்சேவல் ஒற்றைக்காலில் நிற்றல்' என்பதும் ஒன்று. ஷாவோலின் மடத்தின் பெயரோடு இன்று இணைத்துப் பேசப்படும் ஐவிலங்குகள் கடல்நாகம் (டிராகன்), புலி, சிறுத்தை, பாம்பு, கொக்கு என்பன. இவற்றுள் புலி எலும்பையும், சிறுத்தை பலத்தையும், பாம்பு மூச்சோடு கூடிய உள்வலுவையும், கொக்கு உயிர்ச்சாரத்தையும், கடல்நாகம் மனத்தையும் வளர்க்கும் என்று அம்மரபினர் கற்பிக்கின்றனர். தென்சீனத்து ஹுங் குடும்ப முறையில் புலியும் கொக்கும் ஒரே பயிற்சித் தொடரில் சேர்க்கப்பட்டுள்ளமை கவனிக்கத்தக்கது. தாழ்ந்து ஊன்றிய காலோடு நேரே தாக்கும் வல்லமையும், எடையை ஒற்றைக்காலில் தாங்கிப் பக்கவாட்டில் நழுவும் நுட்பமும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்த ஆசான்கள் வந்திருந்தனர்.

இது சீனருக்கு மட்டும் உரிய சிந்தனை அன்று. கேரளத்தின் வடக்கன் களரிப்பயிற்று மரபில் உடல்நிலைகளுக்கு 'வடிவு' என்று பெயர். யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எட்டு வடிவுகள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. சேவல் வடிவும் மயில் வடிவும் ஒற்றைக்கால் சமநிலையைப் பயிற்றுகின்றன என்பதைச் சி ஜிகுவாங்கின் பொற்சேவலோடு வைத்துப் பார்த்தால், இரு நாட்டாரும் ஒரே பறவையிடம் ஒரே பாடத்தைக் கேட்டிருப்பது தெரியும். ஒருவர் மற்றவரிடமிருந்து கற்றார் என்பதற்கு இது சான்றாகாது. முற்றத்தில் சேவல் நிற்கும் விதம் எங்கும் ஒன்றுதான். ஆயினும் கண்ணாற் கண்டவை மட்டுமே பாடமாயின என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் கேரளக் காடுகளில் சிங்கம் இல்லை, கடல்நாகத்தைச் சீனத்தில் எவரும் கண்டதில்லை. கண்ட விலங்கு உடலின் தொழிலைக் கற்பித்தது என்றும், காணாத விலங்கு வீரர் தாங்க வேண்டிய மனநிலையைக் கற்பித்தது என்றும் கொள்வதே பொருத்தமாகும்.

இலங்கையில் இச்சிந்தனையின் அழகிய உறவு கண்டிய நடனத்தில் இருக்கிறது. வன்னம் எனப்படும் அதன் 18 ஆடல்களுள் யானை, மயில், நாகம், முயல், கழுகு ஆகியவற்றுக்கு உரியவை உள்ளன. பெப்ரவரிப் பௌர்ணமியையொட்டிக் கங்காராமை விகாரை நடத்தும் நவம் பெரஹராவில் கண்டிய நடனக் கலைஞர்களின் கால்களை உற்றுப் பார்க்கும் எவருக்கும், விலங்கின் உருவத்தைவிட அதன் நடையின் தாளமே உடலில் ஏற்றப்படுகிறது என்பது விளங்கும்.

போதிதர்மரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரத்து இளவரசர் ஒருவர் சீனம் சென்று ஷாவோலின் துறவிகளுக்குத் தற்காப்புக் கலையைக் கற்பித்தார் என்ற செய்தி, 2011இல் வெளிவந்த '7ஆம் அறிவு' திரைப்படத்துக்குப் பின் தமிழ் இளைஞரிடையே ஐயத்துக்கு இடமற்ற வரலாறாகவே பரவிவிட்டது. அவர் தென்னிந்தியர் என்று கூறும் பழைய சீனக் குறிப்பு உண்டு, பாரசீகர் என்று கூறும் 547ஆம் ஆண்டுக் குறிப்பும் உண்டு. ஆனால் உடற்பயிற்சியை அவரோடு இணைக்கும் 'தசைநார் மாற்றும் நூல்' 1624ஆம் ஆண்டளவில்தான், அதாவது அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே, தோன்றியது. மிங் காலத்தில் ஷாவோலின் துறவிகள் முதலில் புகழ்பெற்றதும் கைப்போரால் அன்று, கம்புப் போரால்; சிலம்பம் அறிந்த சமூகத்துக்கு இந்த உண்மை அந்தக் கதையைவிட நெருக்கமானது. தமிழுக்கும் சீனத்துக்கும் இருந்த தொடர்பை நிறுவுவதற்குப் புனைகதை தேவையுமில்லை. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த, சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. மருதானையிலிருந்து அது தொலைவில் இல்லை; அதன் தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்னும் தெய்வத்தைப் போற்றுவதை நீர் அங்கே சென்று அறியலாம்.

சீன விலங்கு முறைகளின் சாயல் கொழும்பிலும் உண்டு. இங்கே கராத்தே வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளுள் கோஜு-ரியூ முறையைப் பயில்வோரும் உளர். ஒக்கினாவாவைச் சேர்ந்த ஹிகவோன்னா கன்ரியோ (1853–1915) சீனத்தின் ஃபூஜியன் மாகாணத்தில் கற்றுவந்தவற்றிலிருந்து வளர்ந்த அம்முறை, அம்மாகாணத்து வெண்கொக்கு முறையோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. நீண்ட கம்பால் ஒரு கொக்கை விரட்ட முயன்ற பெண்ணொருத்தி, அது சிறகால் கம்பை ஒதுக்கி அலகால் கொத்தியதைக் கண்டு அக்கலையை வகுத்தாள் என்பது அம்மாகாணத்து யுங்சுன் ஊரின் மரபுக்கதை. பறக்கும் கொக்கு, கூவும் கொக்கு, உறங்கும் கொக்கு, இரையுண்ணும் கொக்கு எனப் பின்னர் நான்கு கிளைகள் அதிலிருந்து பிரிந்தன.

சீனர் சொல்லும் கொக்கு பெரிய பறவை. பேர வாவியின் ஓரத்தில் நிற்கும் வெண்கொக்கு அதன் இனத்தைச் சேர்ந்ததன்று. எனினும் இரையுண்ணும் கொக்கின் பாடத்தை அதனிடமும் காணலாம். அது நீரில் அசையாது நிற்கும்போது கழுத்து வளைந்து மடிந்திருக்கிறது. கழுத்தெலும்புகளின் சிறப்பான அமைப்பு அம்மடிப்பை வில்போல் வைத்திருக்கிறது. மீன் நெருங்கியதும் கால்கள் இடம்பெயராமல் தலை மட்டும் பாய்கிறது, பாய்ந்த தலை நீரில் தங்காமல் உடனே மடிப்புக்குத் திரும்புகிறது. வெண்கொக்கு முறையைப் பயில்பவர் தம் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் இறுகாமல் இருக்கும்படி மாதக்கணக்கில் உழைப்பது இந்தத் திரும்புதலுக்காகவே. நீட்டிய கை நீட்டியபடி நின்றால் எதிரி அதைப் பற்றிக்கொள்வார். மாலை வேளையில் வாவிக் கரையில் அரைமணி நேரம் பொறுமையாக நின்றால், அந்தக் கழுத்து எத்தனை முறை நீள்கிறது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு விரைவில் மடிகிறது என்பதைத் தம்பி எண்ணிப் பார்க்கலாம்.

அன்புடன்.