சிறப்புக் கல்வி மதிப்பீடு: குடும்பத்துக்கு வழிகாட்டும் கடமை

மாற்றுத்திறனுடைய குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துக் கற்பிக்கும் மத்திய அரசுத் திட்டம் 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அவற்றை 21 ஆக விரிவாக்கியது. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு போன்ற, புறத்தோற்றத்தில் எளிதில் புலப்படாத நிலைகளும் இதனால் சட்டத்தின் எல்லைக்குள் வந்தன. எனினும், சட்டம் வழங்கும் உரிமை குழந்தையைச் சென்றடைய மதிப்பீடு என்னும் வாயிலைக் கடக்க வேண்டியுள்ளது. எழுத்தறிவும் வருவாயும் குறைந்த குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேயே தயங்கி நின்றுவிடுகின்றன.

இரு வேறு மதிப்பீடுகள்

மதிப்பீடு இரு வகைப்படும் என்பதைப் பெற்றோருக்கு முதலில் விளக்க வேண்டும். ஒன்று மருத்துவ மதிப்பீடு. இது குறைபாட்டின் வகையையும் அளவையும் சான்றிதழில் பதிவு செய்கிறது. மற்றொன்று கல்வி மதிப்பீடு. குழந்தை எதனை அறியும், எவ்வாறு கற்கும், எந்த உதவி தேவை என்பவற்றை இது ஆராய்கிறது. சான்றிதழில் '50 சதவீதம்' என்று காண்பதால் ஆசிரியர் நாளை வகுப்பில் செய்ய வேண்டியது யாது என்பது விளங்காது. சான்றிதழ் கிடைத்ததும் பணி முடிந்ததாகக் கருதுவது பரவலான தவறாகும்.

படிநிலைகள்

முதலாவதாக, கண்பார்வையையும் செவிப்புலனையும் சோதித்தல் வேண்டும். கரும்பலகையைக் காண இயலாத குழந்தை, படிப்பில் மந்தம் என ஒதுக்கப்படுவதை இது தவிர்க்கும். அடுத்து, சோதனையின் மொழியைக் கவனித்தல் வேண்டும். வீட்டில் சந்தாலி பேசும் குழந்தையை இந்தி வினாக்களால் மட்டும் சோதித்தால், மொழி அறியாமையே அறிவுக் குறைபாடாகத் தோற்றமளிக்கும்.

மூன்றாவது, சான்றிதழ். இதற்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் மத்திய அரசின் இணையவாயில் வழியாக விண்ணப்பிக்கலாம். சான்றளிக்கும் அதிகாரியின் முடிவு ஏற்புடையதன்று எனக் கருதுவோர் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். இவ்வுரிமையைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பது அலுவலரின் பொறுப்பாகும்.

நான்காவதாக, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர் ஆகியோர் கூடித் தனிநபர் கல்வித் திட்டம் வகுத்தல் வேண்டும். குழந்தை எப்போது பேசத் தொடங்கியது, எதனைக் கண்டு அஞ்சுகிறது, எந்த வேலையைத் தானே செய்கிறது என்பனவற்றைத் தாயே நன்கறிவார். அவர் கூற்றும் பதிவு பெறுதல் வேண்டும்.

சான்றிதழுக்காகக் காத்திருத்தல்

6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் பயிலும் உரிமையை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வழங்குகிறது. சேர்க்கைக்குச் சான்றிதழ் முன்நிபந்தனையன்று. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை 8 வயது நிறைந்தோருக்கே வழங்க வேண்டும் என 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் வரையறுத்தன. ஆனால், இக்குறைபாட்டை இயன்ற விரைவில் கண்டறிந்து கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பது 16ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களுக்கு விதிக்கும் கடமை. வகுப்பறை உதவி சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுடையோருக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்பது 31ஆம் பிரிவு தரும் கூடுதல் உரிமையாகும்.

குடும்பம் ஏற்கும் செலவு

மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லாவிடினும் அதற்குச் செலவு உண்டு. மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் ஊதியம் இழப்பாகிறது. பேருந்துக் கட்டணம் தனி. ஓர் ஆவணம் குறைந்ததெனத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் மீண்டும் வராமற்போகலாம். தேவையான ஆவணங்களை முன்னரே எழுதிக் கொடுத்தல், பரிசோதனைகளை ஒரே நாளில் அமைத்தல், வட்டார முகாமின் நாளை முன்கூட்டி அறிவித்தல் ஆகியவை நிதி ஒதுக்கீடு ஏதுமின்றியே இயல்வன.

வழங்கப்பட்ட சான்றிதழ்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டும் பதிவேடு போதாது. மதிப்பீட்டுக்குப் பின் குழந்தைக்குக் கிடைத்த கருவி, தேர்வில் அளிக்கப்பட்ட கூடுதல் நேரம், கற்பித்தலில் செய்த மாற்றம், அடுத்த மறு ஆய்வின் நாள் ஆகியனவும் அதில் இடம்பெறுதல் வேண்டும். அந்நான்கு பத்திகளும் நிரம்பும்போதே மதிப்பீடு தன் பயனை எய்தியதாகும்.