குருத்தெலும்பு டயர் அல்ல

ஒன்பதாம் வகுப்பில் இணைப்புத் திசு நடத்தும்போது, குருத்தெலும்புக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே எடுத்துக்காட்டைத்தான் சொல்லிவந்தேன். "ஓட ஓட டயர் தேய்கிற மாதிரி, வயதானால் மூட்டும் தேயும்." பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். நானும் அடுத்த பத்திக்குப் போய்விடுவேன்.

சென்ற ஆண்டு அந்தப் பாடம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஒரு மாணவி வந்து நின்றாள். "டீச்சர், நீங்க சொன்னத எங்க அப்பத்தாகிட்ட சொன்னேன். நடந்தா இன்னும் தேஞ்சுருமேன்னு இப்ப திண்ணைய விட்டே எறங்க மாட்டேங்குது. நடக்கவே கூடாதா டீச்சர்?"

எனக்குத் திக்கென்றது. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு உயிர்வேதியியல் நூல்களுடன் உட்கார்ந்தேன். அதன்பின் அந்தப் பாடத்தை மீண்டும் நடத்திய விதத்தை இங்கே பகிர்கிறேன்.

வலையும் ஸ்பாஞ்சும்

தேவையானவை: பூண்டு வாங்கும் வலைப்பை, அதற்குள் இறுக்கமாக அடைபடும் ஸ்பாஞ்சு, ஒரு பாத்திரத்தில் நீர், கத்தரிக்கோல்.

வலைப்பைக்குள் ஸ்பாஞ்சைத் திணித்து நீரில் அழுத்தச் சொன்னேன். நீர் வெளியேறியது. கையை எடுத்ததும் மீண்டும் உள்ளே வந்தது. வலை என்பது கொலாஜன் புரதம். ஸ்பாஞ்சு என்பது நீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகான் என்ற புரதமும் அதன்மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளும். குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 சதவீதம் நீர்தான். இதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுத் திரவத்திலிருந்துதான் உணவு வர வேண்டும். மூட்டை அசைப்பது அதற்கு உதவுகிறது.

பிறகு வலையின் நூல்களை ஐந்தாறு இடங்களில் வெட்டினோம். ஸ்பாஞ்சு பிதுங்கி வெளியே வந்தது. "யாராவது தேய்ச்சோமா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், வலைதான் அறுந்துச்சு." மூட்டுக்குள் அந்த வலையை அறுப்பது எது?

கத்தரி எது?

அங்கே கத்தரிகள் பல உண்டு. அவற்றில் ஒன்று ஃப்ரீ ராடிகல் எனப்படும் தனி உறுப்பு. இணை சேராத ஓர் எலக்ட்ரான் இருப்பதால் பெரும்பாலும் அது நிலையற்றது. ஆக்சிஜன் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானைப் பெற்றால் சூப்பர் ஆக்சைடு ஆகிறது. நம் செல்களில் உள்ள ஒரு நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. கேட்டலேஸ் நொதி அதையும் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டால் நுரை பொங்கும். வேகவைத்த துண்டில் பொங்காது. கேட்டலேஸின் வேலையைக் கண்ணால் காண இது போதும்.

இந்தக் காவலை மீறிப் பெராக்சைடு மிஞ்சி, அருகில் இரும்பு அயனியும் இருந்தால் ஹைட்ராக்சில் உறுப்பு உருவாகிறது. அருகில் எது இருந்தாலும் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். புரதத்தில் பட்டால் அமினோ அமிலங்களின் பக்கத் தொகுதிகள் உருமாறும், சங்கிலி துண்டாகும், அல்லது இரண்டு சங்கிலிகள் தவறான இடத்தில் பிணைந்துகொள்ளும். இதோடு நிற்பதில்லை. வெள்ளையணுக்கள் வெளியிடும் ஹைப்போகுளோரஸ் அமிலம், உறங்கிக்கிடக்கும் கொலாஜன் சிதைப்பு நொதியை எழுப்பிவிடும்.

1974இல் மெக்கார்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் மாட்டு மூட்டுத் திரவத்தில் சூப்பர் ஆக்சைடை உண்டாக்கிப் பார்த்தார். திரவம் பிசுபிசுப்பை இழந்தது. பாதுகாப்பு நொதியைச் சேர்த்தபோது அந்தச் சிதைவு தடுக்கப்பட்டது.

தோலில் காயம் பட்டால் சில நாளில் ஆறுகிறது. குருத்தெலும்பின் கொலாஜனோ மிக மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகிறது. அதில் பாதி மாறவே நூறாண்டுக்கு மேலாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் அங்கே ஏற்படும் சேதம் சேர்ந்துகொண்டே போகிறது. அதிக உடல் எடை, பழைய அடி, மூட்டு அழற்சி ஆகியவை இந்த உறுப்புகளைப் பெருக்குகின்றன.

மாணவர் கேட்ட இரண்டு கேள்விகள்

"அப்ப எல்லா ஃப்ரீ ராடிகலையும் அழிச்சுட்டா?" கூடாது. வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்ல இவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. அளவு மீறுவதுதான் சிக்கல்.

"டிவியில வர்ற ஆன்டி ஆக்சிடன்ட் பவுடர் வாங்கினா சரியாயிருமா?" இதைக் கேட்ட பையனின் வீட்டில் ஏற்கெனவே ஒரு டப்பா வாங்கியிருந்தார்கள். ஆய்வகத்தில் ஒரு பொருள் ஃப்ரீ ராடிகலை அடக்குவதும், அதை விழுங்கினால் முழங்கால் சரியாவதும் வேறு வேறு. ஆஸ்திரேலியாவில் முழங்கால் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். குருத்தெலும்பு இழப்பு குறையவில்லை என்று 2002இல் முடிவு வெளியானது. இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகக் கேட்டது.

அந்த மாணவியிடம், "அப்பத்தாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லு. எவ்வளவு நடக்கலாம்னு அவரு சொல்வாரு. நடந்தா தேஞ்சுரும்னு டீச்சர் சொன்னது தப்புன்னும் சொல்லிரு" என்றேன். மூட்டுவாதத்துக்கான மருத்துவ வழிகாட்டுதல்களில் உடற்பயிற்சி முதல் வரிசையில் இருக்கிறது. அப்பத்தா மருத்துவரிடம் போய் வந்தார். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது காலையும் மாலையும் தெருமுனை வரை நடக்கிறாராம்.

நாம் சொல்லும் எடுத்துக்காட்டுகள் வகுப்போடு நிற்பதில்லை, வீட்டுக்கும் போகின்றன. என் பாடக்குறிப்பேட்டில் 'டயர்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'வலைப்பை, ஸ்பாஞ்சு' என்று எழுதிவைத்திருக்கிறேன். இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் இதைச் செய்து பார்த்து, உங்கள் மாணவர்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.