நெல் அரவையில் பொதுச் செலவைப் பங்கிடும் முறைகள்

நெல்லை நெல்லாகவே விற்றுவிடாமல், அரிசியாக்கி விற்று அதனால் வரும் லாபத்தையும் தாமே அடைய வேண்டுமென்னும் எண்ணம் விவசாயிகளிடையே பரவி வருகிறது. 2002-ஆம் வருஷத்தில் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு, உற்பத்தியாளர்களே அங்கத்தினராயுள்ள கம்பெனிகள் அமைவதற்கு இடமுண்டானபின், பல விவசாயிகள் ஒன்றுசேர்ந்து அரவை ஆலை நடத்துவதும் சாத்தியமாயிற்று. இத்தகைய ஆலையில் நல்ல யந்திரமும், போதிய நெல்லும், நாணயமான சிப்பந்திகளும் இருந்தும், கணக்கிலுள்ள ஒரு குறையினால் அங்கத்தினர்களுக்குள் மனத்தாங்கல் உண்டாகி, ஆலையே நலிந்துபோக இடமுண்டு. அக்குறையாவது, பல ரக நெல்லுக்கும் பொதுவாகச் செய்யப்படும் செலவை எந்த ரகத்திற்கு எவ்வளவு என்று சரிவரப் பங்கிடாமையேயாகும். ஆகையால் இவ்விஷயத்தை மிராசுதார்களும், சங்கங்களின் கணக்கைப் பார்வையிடும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

பொதுச் செலவு என்பது யாது?

ஆலையின் செலவுகள் இருவகைப்படும். ஒன்று, இன்ன ரகத்திற்கென்று நேராகச் சொல்லக்கூடிய செலவு. நெல்லின் விலை, அந்த அரிசியை அடைக்கும் சாக்கு அல்லது பையின் விலை முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொன்று, எந்த ரகத்திற்கென்று நேராகச் சொல்ல இயலாத செலவு. மின்சாரம், யந்திரத் தேய்மானம், ரப்பர் உருளை மாற்றுதல், எடை போடுவோர், கணக்கெழுதுவோர், துப்புரவு செய்வோர் ஆகியோரின் சம்பளம் முதலியன இதில் அடங்கும். இவற்றையே பொதுச் செலவு அல்லது மேற்செலவு என்பர். முதல் வகையில் தவறு நேர்வது அரிது. தவறு நேர்வதெல்லாம் இரண்டாம் வகையிலேதான்.

சராசரி முறை

வெகுகாலமாக வழங்கி வரும் முறை எளியது. வருஷத்தின் பொதுச் செலவு முழுவதையும் ஒன்றாகக் கூட்டி, அரைத்த குவிண்டால்களின் தொகையாலோ, யந்திரம் ஓடிய மணிகளாலோ, வேலையாட்களின் கூலியாலோ வகுத்து, வந்த வீதத்தை எல்லா ரகத்திற்கும் ஒரேவிதமாக ஏற்றிவிடுவதே இம்முறையாகும். ஒரே ரக நெல்லை ஒரேவிதமாக அரைத்து, ஒரே அளவுள்ள மூட்டைகளில் கட்டி அனுப்பும் ஆலைக்கு இதுவே போதுமானது. ஆனால், சில ரகங்கள் பெருந்தொகுதியாகவும், சில ரகங்கள் சிறு சிறு தொகுதிகளாகவும் வரும் ஆலையில் இம்முறை உண்மையைக் காட்டாது.

காரணம் வெளிப்படையானது. பத்துக் குவிண்டால் மாப்பிள்ளைச் சம்பாவை அரைக்குமுன், கல் நீக்கி, உமி நீக்கும் யந்திரம், பாலிஷர், எலிவேட்டர் யாவற்றிலும் தங்கியுள்ள முந்திய ரகத்தின் அரிசியையும் குருணையையும் வெளியேற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இவ்வேலை பத்துக் குவிண்டாலுக்கும் ஒன்றே. நூற்றைம்பது குவிண்டாலுக்கும் ஒன்றே. செலவு நெல்லின் எடையைப் பொறுத்ததன்று. எத்தனை முறை ரகம் மாற்றினோம் என்பதைப் பொறுத்தது. எடையைக் கொண்டு அதனைப் பங்கிட்டால், சுத்தம் செய்ய நேர்ந்ததற்குக் காரணமில்லாத நெல்லின்மேல் அச்செலவு ஏறும்.

காரியவாரி முறை

இக்குறையைப் போக்குவதற்கான மற்றொரு முறையில், பொதுச் செலவை ஒரே தொகையாக வைத்துக்கொள்ளாமல், ஆலையில் நடக்கும் காரியங்கள் எவை, ஒவ்வொரு காரியத்திற்கும் ஆகும் செலவு எவ்வளவு என்று முதலில் பிரிப்பார்கள். பிறகு, அந்தக் காரியம் எதனால் அதிகப்படுகிறது என்று ஆராய்ந்து, அதனையே அச்செலவுக்கு அளவுகோலாகக் கொள்வார்கள். யந்திரம் ஓடும் செலவுக்கு ஓடிய மணியும், துப்புரவுக்கு ரகம் மாற்றிய தடவையும், எடையும் கணக்கும் சேர்ந்த செலவுக்கு எழுதிய ரசீதும் அளவுகோலாகும். இதனைக் காரியவாரி அடக்கக் கணக்கு என்னலாம்.

ஓர் உதாரணம்

இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அங்கத்தினர்களின் நெல்லை லாபமின்றிக் கூலிக்கு அரைத்துக் கொடுக்கும் ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் ஒரு வருஷப் பொதுச் செலவு ரூ.12,00,000. அரைத்த நெல் 10,000 குவிண்டால். அதில் 9,000 குவிண்டால் சாதாரண ரகம். 150 குவிண்டால் கொண்ட 60 தொகுதிகளாக அரைக்கப்பட்டு, 26 கிலோ மூட்டைகளாகக் கட்டப்பட்டது. மீதி 1,000 குவிண்டால் பாரம்பரிய ரகங்கள். 10 குவிண்டால் கொண்ட 100 தொகுதிகளாக அரைக்கப்பட்டு, ஒரு கிலோப் பைகளில் அடைக்கப்பட்டது. யந்திரம் மணிக்கு 10 குவிண்டால் அரைப்பதாகக் கொள்வோம்.

சராசரி முறைப்படி குவிண்டாலுக்கு ரூ.120 வீதம், சாதாரண ரகத்திற்கு ரூ.10,80,000-உம், பாரம்பரிய ரகத்திற்கு ரூ.1,20,000-உம் ஆகிறது. எடைக்குப் பதிலாக யந்திர மணியைக் கொண்டு பங்கிட்டாலும் முடிவு இதுவேயாம்.

இனி, அதே ரூ.12,00,000-ஐக் காரியவாரியாகப் பிரிப்போம்.

1. யந்திரம் ஓட்டும் செலவு ரூ.5,00,000. ஓடியது 1,000 மணி, மணிக்கு ரூ.500. சாதாரண ரகம் 900 மணிக்கு ரூ.4,50,000, பாரம்பரிய ரகம் 100 மணிக்கு ரூ.50,000.

2. ரகம் மாற்றித் துப்புரவு செய்யும் செலவு ரூ.2,40,000. மாற்றியது 160 தடவை, தடவைக்கு ரூ.1,500. சாதாரண ரகம் 60 தடவைக்கு ரூ.90,000, பாரம்பரிய ரகம் 100 தடவைக்கு ரூ.1,50,000.

3. நெல்லை ஏற்று, ஈரம் பார்த்து, எடை போட்டுக் கணக்கெழுதும் செலவு ரூ.1,60,000. எழுதிய ரசீது 500; ரசீதுக்கு ரூ.320. சாதாரண ரகம் 300 ரசீதுக்கு ரூ.96,000, பாரம்பரிய ரகம் 200 ரசீதுக்கு ரூ.64,000.

4. அரிசியை அடைத்துக் கட்டும் செலவு ரூ.3,00,000. வேலை நடந்தது 1,500 மணி, மணிக்கு ரூ.200. சாதாரண ரகம் 500 மணிக்கு ரூ.1,00,000, பாரம்பரிய ரகம் 1,000 மணிக்கு ரூ.2,00,000.

கடைசி இனத்தில் பைகளின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளாமல் மணியைக் கொண்டதற்குக் காரணம், 26 கிலோ மூட்டையைக் கட்டும் வேலையும் ஒரு கிலோப் பையை அடைக்கும் வேலையும் சமமாகா என்பதே.

இவற்றைக் கூட்டினால், சாதாரண ரகத்தின் பங்கு ரூ.7,36,000, குவிண்டாலுக்கு ஏறக்குறைய ரூ.82. பாரம்பரிய ரகத்தின் பங்கு ரூ.4,64,000, குவிண்டாலுக்கு ரூ.464. இரண்டும் சேர்ந்து அதே ரூ.12,00,000 தான். ஆலை ஒரு காசேனும் கூடுதலாகவோ குறைவாகவோ செலவு செய்யவில்லை. இன்னாரால் இவ்வளவு செலவாயிற்று என்பது மாத்திரமே தெளிவாயிற்று. சராசரி முறையினால், சாதாரண நெல் கொண்டுவந்தவர்கள் பிறர்க்காக ரூ.3,44,000-ஐத் தம்மையறியாமலே செலுத்தி வந்தார்கள் என்பதும் விளங்கும்.

தவறான கணக்கினால் விளையும் கேடு

அருகிலுள்ள வேறோர் ஆலை சாதாரண நெல்லைக் குவிண்டாலுக்கு ரூ.100 கூலிக்கு அரைப்பதாக வைத்துக்கொள்வோம். நமது ஆலையின் நிர்வாகிகள், “நமக்கே ரூ.120 ஆகிறதே, ரூ.100-க்கு எவ்வாறு கட்டும்?” என்று கைவிட்டுவிடுவார்கள். உண்மையில் அவர்களுக்கு ஆகும் செலவு ரூ.82 தான். ரூ.20 மிச்சத்திற்காகச் சாதாரண நெல்லில் பாதி வெளியே போய்விட்டால், ஆலைக்கு வருவது 5,500 குவிண்டாலாகச் சுருங்கும். தேய்மானமும் மாதச் சம்பளமும் நெல் குறைந்த அளவுக்குக் குறையமாட்டா. மொத்தச் செலவு ரூ.9,00,000-ஆக இறங்கிற்றென்றே கொண்டாலும், சராசரி குவிண்டாலுக்கு ஏறக்குறைய ரூ.164 ஆகிவிடும். இதைக் கண்டு மிகுந்தவர்களும் வெளியேறுவார்கள். கடைசியில் பாரம்பரிய நெல் பயிரிடுவோரும் தம் நெல்லை அரைப்பதற்கு இடமின்றி நிற்க நேரும்.

டிராக்டர்த் தொழிற்சாலை ஒன்றின் அனுபவம்

இது வெறும் ஊகமன்று. டிராக்டர் செய்யும் ஜான் டீர் கம்பெனிக்கு, அமெரிக்காவில் அயோவா மாகாணத்து வாட்டர்லூ நகரில் டிராக்டர் உறுப்புக்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அந்நாட்டு விவசாயம் நெருக்கடிக்குள்ளாகி, டிராக்டர் விற்பனை குன்றவே, அத்தொழிற்சாலை வேலை தேடி விலைப்புள்ளி கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போது, சிறு எண்ணிக்கையில் செய்யவேண்டிய உறுப்புக்களின் வேலை அதற்குக் கிடைத்தது. பெரும் எண்ணிக்கையில் செய்யவேண்டியவை கைதவறின. கூலி, யந்திர நேரம் முதலிய சில அளவுகோல்களைக் கொண்டே பொதுச் செலவு பங்கிடப்பட்டதால், சிறு தொகுதிகளின் விலை உண்மைக்குக் குறைவாகவும் பெருந்தொகுதிகளின் விலை உண்மைக்கு அதிகமாகவும் கணக்கில் வந்ததே இதற்குக் காரணம். யந்திரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொருத்தும் வேலை, உத்தரவுகளைக் கையாளும் வேலை முதலியவற்றை அங்குள்ளோர் தனித்தனியே பிரித்துக் கணக்கிட்டனர். ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபின் கூப்பர், ராபர்ட் கேப்லன் என்னும் இரு ஆசிரியர்கள் இவ்வனுபவத்தை 1987-ஆம் வருஷத்தில் பாடமாக எழுதியதோடு, இம்முறை பலவிடங்களிலும் பரவுவதற்கும் காரணமாயினர்.

நிர்வாகிகள் செய்ய வேண்டுவன

மேற்கண்ட கணக்கைக் கண்டு, பாரம்பரிய ரகங்களை அரைப்பதையே நிறுத்திவிட வேண்டுமென்று முடிவு செய்வது தவறாகும். செலவு எங்கே பிறக்கிறதென்று காட்டுவதே இக்கணக்கின் பெரும்பயன். அவ்விடத்தில்தான் திருத்தமும் செய்ய வேண்டும்.

முதலாவது, ஒரே ரகத்தை வைத்திருப்போர் தனித்தனியே வராமல், குறித்த நாளில் ஒன்றுசேர்ந்து கொண்டுவரும்படி முறை வைக்கலாம். 10 குவிண்டால் தொகுதிகள் நூற்றுக்குப் பதிலாக 25 குவிண்டால் தொகுதிகள் நாற்பதாக அரைத்தால், 60 தடவை துப்புரவு குறைகிறது. தடவைக்கு ரூ.1,500 வீதம் ரூ.90,000 குறைந்து, அந்த ரகங்களின் செலவு குவிண்டாலுக்கு ரூ.374-ஆக இறங்கும்.

இரண்டாவது, வெள்ளை அரிசி ரகங்களை முன்னும் சிவப்பு அரிசி ரகங்களைப் பின்னும் அரைக்குமாறு வரிசைப்படுத்தினால், கலப்புக்கு அஞ்சிச் செய்யும் துப்புரவு இலேசாகும்.

மூன்றாவது, கூலியை ஒரே வீதமாக வாங்காமல், தொகுதிக்கு இவ்வளவு, குவிண்டாலுக்கு இவ்வளவு, அடைக்கும் பைக்குத் தக்கபடி இவ்வளவு என்று பிரித்து வாங்கலாம். தொகுதிக்கு ரூ.1,500 என்று வைத்தால், 10 குவிண்டால் கொண்டுவருபவருக்கு அவ்வகையில் குவிண்டாலுக்கு ரூ.150-உம், 30 குவிண்டால் கொண்டுவருபவருக்கு ரூ.50-உம் விழும். சேர்ந்து கொண்டுவருவதன் அனுகூலம் ஒருவர் சொல்லாமலே யாவருக்கும் புலனாகும்.

நான்காவது, பாரம்பரிய நெல்லை ஆதரிப்பது சங்கத்தின் கடமையென்று அங்கத்தினர்கள் கருதினால், அவ்வுதவியைப் பொதுக்குழுவில் தீர்மானித்து, இவ்வளவு தொகையென்று வெளிப்படையாக எழுதிக் கொடுக்கலாம். அறிந்து கொடுக்கும் உதவி ஒற்றுமையை வளர்க்கும்; அறியாமல் பறிபோகும் பணம் தெரியவரும் நாளில் சந்தேகத்தையே வளர்க்கும்.

கவனிக்க வேண்டிய சில விஷயங்கள்

காரியங்களை அளவுக்கு மிஞ்சிப் பிரித்தால், கணக்கெழுதும் செலவு அதனால் வரும் பயனை விழுங்கிவிடும். சிறிய ஆலைக்கு நான்கைந்து காரியங்கள் போதும். கட்டட வாடகை, காரியதரிசியின் சம்பளம், தணிக்கைக் கட்டணம் முதலியன எந்தத் தொகுதியாலும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை; இவற்றைப் பொய்யான அளவுகோலால் பிரிக்காமல் தனியே வைத்து, மொத்த வருமானத்திலிருந்து ஈடு செய்வதே தகுதி. மேற்காட்டிய உதாரணத்தில் இவை சேர்க்கப்படவில்லை.

இன்னொன்று: துப்புரவுத் தடவைகளைக் குறைத்ததனாலேயே ரூ.90,000 கையில் வந்துவிடாது. மிச்சமான நேரத்தில் அவ்வாட்களைக் கொண்டு வேறு நெல்லை அரைத்தாலோ, தினக்கூலி ஆட்களைக் குறைத்தாலோதான் அது உண்மையான லாபமாகும்.

சொந்தப் பண்ணையிலும் இக்கருத்து பயன்படும். ஒன்பது ஏக்கர் நெல்லும் ஓர் ஏக்கர் மல்லிகையும் உடையவர், வண்டிச் செலவை ஏக்கர்வாரியாகப் பிரித்தால், தினந்தோறும் பூவை ஏற்றிச் சென்ற வண்டியின் செலவில் பத்தில் ஒன்பது பங்கு நெல்லின் தலையில் விழும். மல்லிகை மிகுந்த லாபம் தருவதாகவும் நெல் நஷ்டம் தருவதாகவும் தோன்றும். நடைகளை எண்ணிப் பிரித்தாலன்றி உண்மை தெரியாது.

ஆகையால், ஆலை நடத்துவோர் இவ்வருஷ முதற்கொண்டே ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்து, யந்திரம் ஓடிய மணி, ரகம் மாற்றிய தடவை, எழுதிய ரசீது, அடைப்பு வேலைக்கான மணி ஆகிய நான்கையும் தினந்தோறும் பதிந்து வருவார்களாக. இதற்கு நாளொன்றுக்குச் சில நிமிஷங்களே பிடிக்கும். வருஷ முடிவில் கூலி வீதத்தை நிர்ணயிக்கும்போது அப்புத்தகமே தக்க சாட்சியாக நிற்கும்.